அடுத்த போஸ்டருக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை வாருங்கள்

சுகாதார விழிப்புணர்வுப் பிரச்சாரங்களைத் திட்டமிடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. இரத்த சோகை வராமல் இருக்க வியாழக்கிழமைதோறும் பெண் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துப் பதிவேட்டில் டிக் அடிப்பதும் என் வேலைதான். திட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பிய புதுப் போஸ்டர் வந்து ஒரு வாரம் ஆகிறது. பிரித்துப் பார்த்த அன்றே எழுத உட்கார்ந்தேன். கோபம் ஆறட்டும் என்று தள்ளிப்போட்டேன், முழுசாக ஆறவில்லை.

போஸ்டரில் ஒரு பெண் பிளந்த மாதுளம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். தவறாமல் மாத்திரை சாப்பிட்டு இரத்த சோகையை வெல்வோம் என்று கீழே எழுதியிருக்கிறது. நல்ல வழவழப்பான தாள். தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒட்டிவிட்டோம்.

போன மழைக்கு அப்புறம் ஒரு நாள், பள்ளியைப் பெருக்கும் அக்கா என்னைக் கழிப்பறைச் சுவருக்குப் பின்னால் கூட்டிப்போனார். "இதப் பாருங்க டீச்சர்" என்று விளக்குமாற்றால் சருகை ஒதுக்கினார். நீலப் பூச்சு கரைந்து, பாதி வெளுத்து, மண்ணோடு ஒட்டிக் கிடந்தன மாத்திரைகள். அள்ளினால் இரண்டு கை நிறையும். என் பதிவேட்டில் அவ்வளவும் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போனதாக இருக்கிறது. எதிரில் நின்று விழுங்க வைக்க வேண்டும் என்பது விதி, நானும் நிற்கத்தான் செய்கிறேன். நாக்குக்கடியில் ஒதுக்கிக்கொள்ளத் தெரியாத பிள்ளை எங்கே இருக்கிறது?

வகுப்பில் கேட்டபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. மணி அடித்த பிறகு பதினோராம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் பையை மாட்டிக்கொண்டு நின்றாள். "திட்ட மாட்டீங்கன்னா சொல்றேன் டீச்சர்."

அவள் ஏழேகால் பஸ்ஸைப் பிடிப்பவள். காலையில் டீயும் இரண்டு பிஸ்கட்டும். காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு சரி, சத்துணவு பத்தாம் வகுப்போடு சரி. பதினோராம் வகுப்புக்கு வந்ததும் பசி நின்றுவிடும் என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் போல. அம்மா விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டால் மதியத்துக்கும் டப்பா கிடையாது. சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை என்கிறது விதி, சாப்பாடு எங்கிருந்து வரும் என்று அதில் இல்லை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. "பஸ்ல வாந்தி எடுத்தா பசங்க ஒரு வருசத்துக்குச் சிரிப்பாங்க டீச்சர்." முதல் தடவை ஒழுங்காக விழுங்கிய மறுநாள் மலம் கறுப்பாகப் போயிருக்கிறது. பயந்துபோய் வீட்டில் சொன்னாளாம். பிள்ளை பிறக்காமல் இருக்கத்தான் இதைக் கொடுக்கிறார்கள் என்று பாட்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது.

இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. இதை ஒரே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். உங்கள் போஸ்டரில் மாதுளைக்கு இருக்கும் இடம் அந்த ஒரு வரிக்கு இல்லை. அறிவியல் டீச்சர் நானும் சொல்லவில்லை, அதையும் மறைக்க விரும்பவில்லை.

நீங்கள் ஆய்வே செய்வதில்லை என்று நான் சொல்ல வரவில்லை. போன வருடம் கையில் டேப்லெட்டோடு ஒரு தம்பி வந்தார். தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்து பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிடறியாம்மா?" பக்கத்தில் நான். பிள்ளை என் முகத்தைப் பார்க்கும், "சாப்பிடறேன் சார்" என்று சொல்லும். அடுத்து, இரத்த சோகை எதனால் வருகிறது? அதற்கும் சரியான விடை, பரீட்சைக்குப் படித்ததாயிற்றே. இருபது பேர், அரை மணி நேரம், வேலை முடிந்தது. அவரைக் குறை சொல்லவில்லை, கையில் கொடுத்த கேள்வியைத்தானே கேட்டார். மாத்திரை கொடுப்பவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் வேறு என்ன பதில் வரும்? இரத்த சோகை என்றால் என்னவென்று எங்கள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையை ஏன் துப்புகிறார்கள் என்பதுதான் உங்களுக்குத் தெரியவில்லை.

2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட்ட நாட்கள் உங்களுக்கும் மறந்திருக்காது. வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. என் பிள்ளைக்கு வேண்டாம் என்று பெற்றோர் பள்ளி வாசலில் வந்து நின்றார்கள். கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. பயப்படாதீர்கள் என்று அப்போதும் ஒலிபெருக்கியில் சொன்னோம். எதற்குப் பயம் என்று முன்கூட்டியே யாரும் போய்க் கேட்கவில்லை.

கேட்டுச் செய்த வேலையும் இதே நாட்டில் நடந்திருக்கிறது. போலியோ சொட்டு மருந்தை உத்தரப் பிரதேசத்தில் எத்தனையோ குடும்பங்கள் மறுத்தபோது, விடுபட்ட வீடுகளுக்கு எக்ஸ் குறி போட்டார்கள். வீடு பூட்டியிருந்ததா, குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, வேண்டாம் என்றார்களா என்று பிரித்து எழுதிக்கொண்டு திரும்பத் திரும்பப் போனார்கள். அந்தந்தத் தெருப் பெண்களையே பேச அனுப்பினார்கள், இமாம்களையும் சொல்ல வைத்தார்கள். 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் ஒரு குழந்தையும் பாதிக்கப்படவில்லை. இங்கே கணக்கு வேறு. தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் இரத்த சோகை உள்ளவர்கள் 2015-16இல் சுமார் 55 சதவீதம், 2019-21இல் 53 சதவீதம். நடுவில் எத்தனை போஸ்டர், எத்தனை உறுதிமொழி, எத்தனை பேரணி!

பேரணி என்றதும் நினைவுக்கு வருகிறது. இரத்த சோகை விழிப்புணர்வுப் பேரணிக்கு எங்கள் பிள்ளைகளைப் பத்தரை மணி வெயிலில் பதாகையோடு நிற்க வைத்தோம். கொடியசைக்க வேண்டியவர் வரத் தாமதம். இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். பரிசோதித்துப் பார்த்ததில் ரத்தம் கம்மியாம். மறுநாள் பத்திரிகையில் படம் நன்றாக வந்திருந்தது.

மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த போஸ்டரை அச்சடிப்பதற்கு முன்னால் தயவுசெய்து ஒரு முறை வந்து கேளுங்கள். பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஒரு பெண்ணை அனுப்புங்கள். பெயர் எழுத வேண்டாம், மார்க் போட வேண்டாம். சாப்பிட்டாயா என்று கேட்காமல், சாப்பிட முடியாமல் போனது எப்போது என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளட்டும், "விழிப்புணர்வின்மை" என்று மொழிபெயர்க்க வேண்டாம். வரைந்த போஸ்டரை முதலில் பத்துப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். அவர்கள் சிரித்தால் அச்சகத்துக்கு அனுப்பாதீர்கள். பாட்டிகளையும் அம்மாக்களையும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் வீட்டில் பிடிக்க முடியும், அலுவலக நேரத்தில் முடியாது.

வியாழக்கிழமை வந்தால் நல்லது. கழிப்பறையில் பதினோரு மணிக்கு மேல் தண்ணீர் வராது, அதற்கு முன்னால் வந்துவிடுங்கள். அந்தப் பதினோராம் வகுப்புப் பெண் பேசுவாள் என்று நினைக்கிறேன். அறையில் நான் இருக்க மாட்டேன், கதவைச் சாத்திவிட்டு வெளியே போய்விடுகிறேன்.

இப்படிக்கு,
மாத்திரை கொடுக்கும் டீச்சர்