எங்கள் மெழுகுப் பசையைப் பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இந்தக் கடையிலிருந்து உங்களுக்கு வழக்கமாக வருவது ஆயுத பூஜைப் பொரியும் தீபாவளி வாழ்த்தும்தான். மடல் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் ஒரு மாதமாக ஏற்காட்டிலிருந்து வாழப்பாடி வரைக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்கள் கடை மெழுகுக் கட்டி ஒன்று, சுண்ணாம்பு தடவியதுபோல மேலே வெளுத்துக் கிடக்கிறது. கூடவே ஒரு குரல் பதிவு: செவ்வாய்ப்பேட்டைக் கடையில் தேன்மெழுகு என்று சொல்லி மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றுகிறார்கள், அதனால்தான் அந்த மெழுகுப் பசையைத் தடவி நாட்டுத் துப்பாக்கியைக் கெட்டிக்கும்போது, அதாவது மருந்தையும் குண்டையும் வாய் வழியாக உள்ளே தள்ளும்போது, கம்பி பாதிக் குழலில் நின்றுவிடுகிறது என்று.

விலை ஏறிவிட்டது என்று திட்டியிருந்தால் கேட்டுக்கொண்டிருப்போம். கடைப் பையன் மரியாதையாகப் பேசவில்லை என்றால் மன்னிப்புக் கேட்டிருப்போம். தாத்தா காலத்திலிருந்து மூன்று தலைமுறையாகத் தேன்மெழுகு ஒன்றையே நம்பிப் பிழைக்கிற எங்களைப் பார்த்து மெழுகுவர்த்தி என்று சொன்னதுதான் தாங்கவில்லை.

முதலில் அந்த வெள்ளை. நல்ல தேன்மெழுகு குளிரில் பூக்கும். கட்டியை மாதக்கணக்கில் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி மெல்ல மேலே வந்து, திராட்சைப் பழத்தின் மேல் இருக்குமே ஒரு சாம்பல் படலம், அதுபோலப் படியும். மார்கழி, தையில் ஏற்காட்டில் வைத்த கட்டி பூக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். வெதுவெதுப்பான துணியால் துடையுங்கள், அல்லது வெயிலில் கொஞ்ச நேரம் வையுங்கள், மறைந்துவிடும். மெழுகுவர்த்தி மெழுகு இப்படிப் பூக்காது. அதாவது படத்தில் இருப்பது எங்கள் மேல் குற்றம் அல்ல, எங்கள் பக்கச் சாட்சி.

இன்னும் சந்தேகம் இருந்தால் கட்டியின் ஓரத்தை ஒடித்துப் பாருங்கள். தேன்மெழுகு உடைந்த இடம் மணல்மணலாகப் பொரபொரவென்று இருக்கும். உள்ளங்கையில் வைத்துப் பிசைந்தால் இளகும், தேன் வாசம் வரும். மெழுகுவர்த்திக்குப் போடுகிற பெட்ரோலிய மெழுகு வழுவழுவென்று இருக்கும், கை சூட்டில் வாசம் எதுவும் எழாது. இதற்கெல்லாம் ஆய்வுக்கூடம் வேண்டாம், உங்கள் மூக்கு போதும்.

அடுத்தது கம்பி நிற்கிற விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் துப்பாக்கியில் போடுகிற கருமருந்து, வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்தது. அது எரியும்போது முழுவதும் புகையாகிப் போவதில்லை. பாதிக்கும் மேல் கெட்டியான கசடாகவே மிஞ்சுகிறது. கொஞ்சம் வெளியே பறக்கும், மீதி குழலின் உள்சுவரில் படியும். அந்தக் கசடு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும், இரும்பைத் தின்னும், காய்ந்துவிட்டால் ஓடு மாதிரி இறுகும். குண்டைச் சுற்றி வைக்கிற துணி வில்லையில் பசை தடவுவதே இதற்காகத்தான். பசை கசடை இளக்கி வைக்கும், துணி வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கும், இறங்கும் வழியில் குழலையும் துடைத்துக்கொண்டு போகும். தேன்மெழுகும் தாவர எண்ணெயும் மிருகக் கொழுப்பும் இந்த வேலையைச் செய்யும். வண்டி ஆயிலோ கிரீஸோ கருமருந்தோடு சேர்ந்தால் தார் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். இதை அப்பா கல்லாவில் உட்கார்ந்து ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பார்.

படம் அனுப்பிய அந்த அன்பர் யாரென்று எங்களுக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை. அவரிடம் நேரில் கேட்டோம். துரு பிடிக்காமல் இருக்க ஆறு மாதம் எஞ்சின் ஆயில் ஊற்றி வைத்த குழலில், அதைத் துடைக்காமலே கெட்டித்திருக்கிறார். வில்லைக்கும் பழைய டெரிகாட்டன் சட்டையைக் கிழித்திருக்கிறார். டெரிகாட்டன் சூட்டில் உருகி ஒட்டும். துணி சுத்தமான பருத்தியாக, நெருக்கமான நெசவாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் இந்த வகைத் துப்பாக்கியை ஆசையாக வைத்திருப்பவர்கள் மெத்தை உறைக்கான தடித்த பருத்தித் துணியைத் தேடி வாங்கி வெட்டுகிறார்கள், கரடி நெய்யைக்கூடத் தடவுகிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமெல்லாம் இல்லை. அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் தறி ஓடும் ஊரில் இருக்கிறோம். காடாத் துணியைக் கஞ்சி போக ஒருமுறை அலசிக் காயவைத்து வெட்டினால் அதைவிட நல்ல வில்லை கிடையாது.

எங்கள் பசையில் என்ன இருக்கிறது என்பதை இதுவரை யாரிடமும் அளவோடு சொன்னதில்லை. இன்று சொல்லிவிடுகிறோம். வீட்டிலேயே செய்து எங்கள் டப்பாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சேலத்து வெயிலுக்கு ஒரு பங்கு தேன்மெழுகு, இரண்டு பங்கு விளக்கெண்ணெய். ஏற்காட்டுக் குளிருக்கு அதே ஒரு பங்கு மெழுகுக்கு மூன்று பங்கு எண்ணெய். அவ்வளவுதான். சித்திரையில் மலை டப்பாவைக் கீழே கொண்டுவந்தால் பாயசம் போல ஓடும். மார்கழியில் வெயில் டப்பாவை மேலே கொண்டுபோனால் விரல் இறங்காது. பச்சை மூடி, மஞ்சள் மூடி என்று பிரித்து வைத்திருப்பது இதனால்தான், அழகுக்காக இல்லை.

தேன் பிழிந்த அடையைத் துணி மூட்டையாகக் கட்டித் தண்ணீரில் கொதிக்கவிட்டால் மெழுகு மேலே மிதந்து வரும். ஆறியதும் தட்டு மாதிரி எடுத்து, அடியில் ஒட்டியிருக்கும் கசண்டைக் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். உருக்கும்போது நேரடியாகத் தீயில் வைக்கக் கூடாது. பெரிய சட்டியில் தண்ணீர், அதற்குள் சின்னச் சட்டியில் மெழுகு. தேன்மெழுகு 62, 64 டிகிரியிலேயே உருகிவிடும், கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. எண்ணெயில்தான் கவனம் வேண்டும். கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, வறுத்து இடித்துத் தண்ணீரில் காய்ச்சி எடுக்கிற எண்ணெயில் துளி ஈரம் தங்கியிருந்தாலும் குழல் துருப்பிடிக்கும். ஒரு கரண்டியில் எடுத்துச் சூடு காட்டுங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் ஈரம் இருக்கிறது, அடங்கும்வரை காய்ச்ச வேண்டும். அப்புறம் இரண்டையும் கலந்து, ஓரம் வெளுத்துக் கெட்டியாக ஆரம்பிக்கும்வரை கிளறிவிட்டு டப்பாவில் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று. விளக்கெண்ணெயும் பெட்ரோலிய மெழுகும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாதவை. சூட்டில் கலந்ததுபோல இருக்கும், ஆறிய பிறகு எண்ணெய் வியர்வை மாதிரி மேலே கசிந்து நிற்கும். நாங்கள் மெழுகுவர்த்தி கலப்பதாக இருந்தால் எங்கள் சரக்கே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கொழுப்பைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். பச்சை மூடியிலும் மஞ்சள் மூடியிலும் மிருகக் கொழுப்பு கிடையாது. உப்புப் போடாமல் உருக்கிய ஆட்டுக்கொழுப்பு சேர்ந்தது சிவப்பு மூடி மட்டும், அதைக் கேட்பவர்களுக்குத்தான் எடுத்துக் கொடுக்கிறோம். அடுப்பும் சட்டியும் தனி. இதைக் கேட்பது உங்கள் உரிமை. 1857-இல் என்ஃபீல்டு தோட்டாவின் தாளில் தடவியது மாட்டுக் கொழுப்பா, பன்றிக் கொழுப்பா என்ற கேள்வி எதில் போய் முடிந்தது என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருக்கிறோம். சிப்பாய்களே தங்களுக்கு ஏற்றதைத் தடவிக்கொள்ளலாம் என்று வெள்ளைக்கார அதிகாரிகள் அந்த வருஷத் தொடக்கத்திலேயே சொல்லிப் பார்த்தார்கள், எடுபடவில்லை.

எங்கள் அடுப்படியில் 34 வருஷம் நின்ற அண்ணன் ஐப்பசியோடு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவரைத் துரத்திவிட்டோம் என்றும் அந்தக் குரல் பதிவில் வருகிறது. தயவுசெய்து அதை நம்பாதீர்கள். பார்வை மங்கிவிட்டது, மகள் வந்து கூட்டிக்கொண்டு போனார். சட்டி முன்னால் நின்று, மூடிய கண்ணோடு ஆவியை ஒரு தடவை இழுத்து, இது மலைத்தேன் அடை, இது பெட்டித்தேன் அடை என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கு எங்கள் யாருக்கும் இல்லை. இப்போது நானும் தம்பி மகனும்தான் காய்ச்சுகிறோம். அதனால் இனி புதன், சனி இரண்டு நாள் மட்டும்தான் புதுச் சரக்கு.

மெழுகும் முன்புபோலக் கிடைப்பதில்லை. காப்பி பூத்து முடிந்ததும் சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து தேன் பிழிந்த அடையை மூட்டையாகக் கொண்டுவந்து நம் வாசலில் இறக்குவார்கள். இப்போது சோப்பும் உதட்டு பாமும் செய்கிறவர்கள் மேலேயே போய் நல்ல விலை கொடுத்து எடுத்துக்கொள்கிறார்கள். மலைக்காரர்களுக்கு நாலு காசு கூடக் கிடைக்கிறது, அதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிற மாவட்டம் என்பதால் எண்ணெய்க்கு மட்டும் அலைய வேண்டியதில்லை. 150 ரூபாய் டப்பாவை 190 ஆக்கியிருக்கிறோம், டப்பா இனி 80 கிராம். ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பழைய விலை, பழைய அளவுதான்.

கார்த்திகையில் ஒரு சட்டிக்கு மட்டும் மெழுகு போதாமல் வெளியில் வாங்கிச் சேர்த்தோம். அந்த டப்பாக்களில் மேலே எண்ணெய் கசிந்திருந்தால் கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறோம்.

எத்தனையோ பேர் அந்தக் குரல் பதிவைக் கேட்டுவிட்டு நேராகக் கடைக்கு வந்து, "நீங்க சொல்லுங்க, அப்புறம் நாங்க நம்புறோம்" என்று நின்றீர்கள். பச்சைமலையிலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர் ஒருவர், தன் அப்பா எங்கள் தாத்தாவிடம் வாங்கிய தகர டப்பாவை மஞ்சள் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். உள்ளே ஓரத்தில் கறுத்துப்போன பசை இன்னும் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தேன். அந்த டப்பாவுக்குக் காசு வாங்காமல் நிரப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு தேர்தலுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பதற்கு முந்தின நாள் குழலில் தடவ வேண்டும் என்று வரிசையில் நிற்கும் உங்கள் எல்லோருக்கும், குடகிலிருந்து, ஆயுதங்களை வணங்கும் கயில்போத் பூஜைக்கு முன்னால் ஆள் அனுப்பி வாங்கும் குடும்பங்களுக்கும், வாள்பட்டறைக்கும் தோல் வாருக்கும் வாங்கிப் போகிற தொழிலாளிகளுக்கும் எங்கள் நன்றி. நீங்கள் இல்லையென்றால் இந்த அடுப்பு எப்போதோ அணைந்திருக்கும்.

வழக்கம்போல, நாங்கள் விற்பது பசையும் மெழுகும் காடாத் துணியும் மட்டும்தான். வெடிமருந்து, துப்பாக்கி ரவை, மருந்தைப் பற்றவைக்கும் கேப் எதுவும் இங்கே கிடையாது. உரிமம் இல்லாத துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு பழுது பார்க்கச் சொல்லியும் யாரும் வர வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கடை வாசலிலேயே அடுப்பு வைத்துக் காய்ச்சப்போகிறோம். அடை மூட்டை அவிழ்ப்பதிலிருந்து டப்பாவில் ஊற்றுவது வரை நின்று பார்க்கலாம். படம் அனுப்பிய அன்பரையும் நேரில் போய் அழைத்திருக்கிறேன். வருகிறேன் என்றிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் செவ்வாய்ப்பேட்டை மெழுகு எண்ணெய்க் கடைக்காரன்