துறைமுக விளக்கு பழையபடி சிமிட்டக் கோரும் மனு

அனுப்புநர்:
சிறு மீன்பிடித் துறைமுகத்தின் மீனவர்கள் மற்றும் படகு உரிமையாளர்கள்

பெறுநர்:
துறைமுக அலுவலர் அவர்கள்

பொருள்: அலைத்தடுப்புச் சுவர் நுனியில் உள்ள விளக்கைச் சரிசெய்வது குறித்து

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

விளக்கு எரியவில்லை என்று நாங்கள் இந்த மனுவை எழுதவில்லை. எரிகிறது. ஆனால் தவறாக எரிகிறது.

அலைத்தடுப்புச் சுவரின் நுனியில் நிற்கும் 9 மீட்டர் கோபுரத்தில் முன்பு 5 நொடிக்கு ஒரு முறை, அரை நொடி நேரம் சிவப்பு வெளிச்சம் சிமிட்டும். சில மாதங்களுக்கு முன் பழுது பார்த்துப் புது விளக்கு மாட்டினார்கள். அன்றிலிருந்து அது சிமிட்டாமல் நிலையாக எரிகிறது. கரையில் இருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். ஊரில் சிலர் பாராட்டவும் செய்தார்கள். அவர்கள் யாரும் இரவில் கடலுக்குப் போகிறவர்கள் அல்ல.

கடலில் இருந்து பார்க்கும்போது கதை வேறு. இப்போது கரை முழுக்க விளக்குகள். இறங்குதளத்தில் உயர்ந்த கம்பத்தில் வெள்ளை விளக்குகள், பின்னால் தெருவிளக்குகள், கைபேசி கோபுரத்தின் உச்சியில் அசையாமல் எரியும் சிவப்பு விளக்கு. இத்தனைக்கும் நடுவில் எங்கள் விளக்கை அடையாளம் காட்டியது அதன் பிரகாசம் அல்ல, சிமிட்டல்தான். வெளிச்சம் கண்ணில் பட்டதும் வாய்க்குள்ளேயே ஒன்று, இரண்டு என்று எண்ணுவோம். ஐந்து வந்ததும் அடுத்த வெளிச்சம் வந்தால் நம் விளக்கு என்று சுக்கானைத் திருப்புவோம். இப்போது எண்ணுவதற்கு எதுவும் இல்லை. போன மாதம் ஒரு படகு கைபேசி கோபுரத்தின் சிவப்பைத் துறைமுக விளக்கு என்று நம்பி வந்து, சுவரின் கற்களில் உரசியது. புரொப்பல்லர் உடைந்ததோடு போயிற்று, ஆட்களுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொரு விஷயம், இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கே கொஞ்ச நாள் ஆனது. விளக்கு விடியும் முன்பே மங்கி அணைந்துவிடுகிறது. பேட்டரி கெட்டுவிட்டது என்று முதலில் நினைத்தோம். யோசித்துப் பார்த்தால் காரணம் வேறாக இருக்கலாம். 5 நொடியில் அரை நொடி மட்டும் எரியும் விளக்குக்குத் தேவையான மின்சாரம், நிலையாக எரியும் அதே விளக்குக்கு ஆவதில் பத்தில் ஒரு பங்குதான். அந்தப் பத்தில் ஒரு பங்குக்காக வைத்த சோலார் தகடும் பேட்டரியும் இரவு முழுவதும் எப்படித் தாங்கும்? அணைவதும் நாங்கள் வலையோடு திரும்பும் நேரமாகப் பார்த்து அணைகிறது. விட்டுவிட்டு எரியவைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் இந்த யோசனை நேற்று வந்ததல்ல. கலங்கரை விளக்குகளின் வாயுவைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவிகளுக்காகத்தான் குஸ்தாவ் தாலேன் 1912-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார்.

எல்லாரிடமும் ஜிபிஎஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. படகு எங்கே நிற்கிறது என்று அது சொல்லும். அலை தூக்கும்போது, ஈரக் கையில் திரை சரியாக வேலை செய்யாதபோது, சுவரின் நுனி எந்தப் பக்கம் என்பதைக் கண்தான் பார்த்தாக வேண்டும்.

இன்னும் உயரமான கோபுரமோ கூடுதல் பிரகாசமோ நாங்கள் கேட்கவில்லை. 9 மீட்டர் உயர விளக்கு, கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் சிறு படகுக்காரருக்கு, தெளிவான இரவில் அடிவானக் கணக்கின்படி சுமார் 8 கடல் மைல் வரை தெரியக்கூடியது. எங்களுக்கு அது போதும். வாயிலுக்கு அருகே வரும்போது அதிக வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும், அவ்வளவுதான்.

ஆகவே, முதலில் பழைய 5 நொடி முறையைத் திரும்ப வைத்துத் தர வேண்டுகிறோம். இப்போது வரும் எல்இடி விளக்குகள் பலவற்றில் சிமிட்டும் முறையைச் சிறு சுவிட்சிலோ ரிமோட்டிலோ மாற்றலாம். விளக்கையே மாற்ற வேண்டியிருக்காது என்று நம்புகிறோம். அதன் பிறகும் விடியும் முன் அணைந்தால் பேட்டரியைப் பார்க்கலாம். தகட்டின் மேல் பறவை எச்சம் படிந்திருக்கிறது, ஏணி தந்தால் அதை நாங்களே கழுவிவிடுவோம். இறங்குதள விளக்குகள் கடல் பக்கம் அடிக்காதபடி மறைப்பு போட்டுத் தர வேண்டும்.

அதுவரை, எந்த விளக்கு எப்படி எரியும் என்று கடலோடிகளுக்குச் சொல்லும் விளக்குப் பட்டியலில் உள்ளபடி இது எரியவில்லை என்று கடலோடிகளுக்கான அறிவிப்பு வெளியிட வேண்டும். வழிகாட்டு விளக்குகள் பற்றிய தகவலைச் சம்பந்தப்பட்ட அனைவருக்கும் கிடைக்கச் செய்வது, 1974-ம் ஆண்டின் கடலில் உயிர்ப்பாதுகாப்பு ஒப்பந்தத்தின் 5-ம் அத்தியாயம் அரசுகளுக்குத் தந்திருக்கும் கடமை. எங்களுக்காவது விஷயம் தெரியும். வெளியூர்ப் படகு ஒன்று புயலுக்கு ஒதுங்க வந்தால், அது பட்டியலை நம்பி 5 நொடி விளக்கைத்தான் தேடும்.

தாங்களோ தங்கள் பொறியாளரோ ஓர் இரவு எங்கள் படகில் வந்து, வெளியே இருந்து துறைமுகத்தைப் பார்த்தால் நன்றாக இருக்கும். விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் கிளம்பினால் சரியாக இருக்கும். நாள் சொன்னால் படகைத் தயாராக வைத்திருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மீனவர்கள் மற்றும் படகு உரிமையாளர்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)