ராத்திரி இரண்டு மணிச் சாப்பாடு

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை, ஃபாஸ்டிங், 108. சுகர் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, ஆனால் நூறைத் தாண்டினால் அப்படியே விட்டுவிடக்கூடிய விஷயமும் இல்லை. அப்பாவுக்கே நாற்பத்தைந்து வயதில்தான் வந்தது, உனக்கு இன்னும் முப்பதே ஆகவில்லை.

இனிப்பை விட்டுவிட்டேன் என்கிறாய். சரி, ஆனால் எனக்குக் கவலை நீ என்ன சாப்பிடுகிறாய் என்பதில் இல்லை, எப்போது சாப்பிடுகிறாய் என்பதில்தான். மூளையில் மட்டுமில்லை, கல்லீரல், கணையம் என்று உடம்பு முழுக்கக் கடிகாரம் ஓடுகிறது. ராத்திரி, தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்கும் நேரத்தில் கணையம் இன்சுலினைக் குறைவாகத்தான் விடும், அதனால் மதியம் சாப்பிட்டால் சீக்கிரம் இறங்கிவிடும் சர்க்கரை, அதே பரோட்டாவை நீ நைட் ஷிப்ட்டில் கேன்டீனில் ராத்திரி இரண்டு மணிக்குச் சாப்பிட்டால் ரத்தத்திலேயே கிடக்கும்.

அதற்கு மேல் தூக்கமும் இல்லை. காலையில் ரூமுக்கு வந்து படுத்து பதினொன்றுக்கே எழுந்துவிடுகிறாய். 1999இல் சிகாகோவில் நல்ல ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு ராத்திரி நாலு மணி நேரம் மட்டும் படுக்கவிட்டுப் பார்த்தார்கள், நன்றாகத் தூங்கியபோது இருந்ததைவிட ரத்தத்திலிருந்து சர்க்கரை இறங்கும் வேகம் கிட்டத்தட்ட 40 சதவீதம் குறைந்துபோனது. ஆறே ராத்திரியில்! தூக்கம் குறைந்தால் பசியைக் கிளப்பும் கிரெலின் ஏறும், போதும் என்று சொல்லும் லெப்டின் இறங்கும். விடியற்காலையில் பப்ஸும் டீயும் கேட்கிறது என்றாயே, அது உன் நாக்கின் குற்றமில்லைடா. ஞாயிற்றுக்கிழமை சேர்த்துத் தூங்கிவிடுகிறேன் என்பதும் வேலைக்காகாது, அதையும் சோதித்துப் பார்த்துவிட்டார்கள்.

வேலையை விடு என்று நான் சொல்லவில்லை, லோன் இருக்கிறது, தெரியும். 2021இல் பாஸ்டன் ஆட்கள் ஒன்று கண்டுபிடித்தார்கள்: நைட் ஷிப்ட் மாதிரியே விழிக்கவைத்து, சாப்பாட்டை மட்டும் பகலில் கொடுத்தவர்களுக்குச் சர்க்கரை ஏறவில்லை, ராத்திரியும் சாப்பிட்டவர்களுக்கு ஏறியது. அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் சாயங்காலம் ஏழு மணிக்கே வயிறாரச் சாப்பிட்டுவிடு. நடுவில் பசித்தால் மோர் குடி, தாங்கவே முடியாவிட்டால் ஒரு கை சுண்டல், அவ்வளவுதான். ராத்திரி மூன்று மணிக்கு மேல் டீ வேண்டாம், அது படுக்கும்வரை உடம்பில் நிற்கும். மூன்று மாதம் கழித்து ஃபாஸ்டிங்கோடு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சியும் பார்த்துவிடு.

அப்புறம், உன் ரூம் ஜன்னல் கிழக்குப் பக்கம்தானே, அளவெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு, தடித்த கறுப்புத் துணியில் திரை தைத்துக் கூரியரில் போடுகிறேன்.

அம்மா