காயில் புதுசு, பெட்டி பழசு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்திருக்கிறாள் என்பதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருந்தாய், அதுதான் வேண்டும். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் என் வாழ்த்தைச் சொல்.

கார் ஏசி வாடையைப் பற்றி நீ எழுதியதை மூன்று நான்கு தடவை படித்தேன். குழந்தையை அதில் உட்கார வைக்க வேண்டுமே என்ற கவலை உன் எழுத்திலேயே தெரிகிறது. அந்தக் கவலை நியாயமானது. "இதெல்லாம் பெரிய விஷயமா" என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதே. கண்ணாடியை ஏற்றிவிட்டால் ப்ளோயர் தள்ளும் காற்றைத்தான் எல்லோரும் மூச்சாக இழுக்கிறோம். அதில் ஒரு வாடை வந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீ "ஒரு விதமான வாடை" என்று ஒருமையில் எழுதியிருக்கிறாய். படிக்கப் படிக்க எனக்கு அது இரண்டு வாடையாகத்தான் படுகிறது. காலையில் ஏசியைப் போட்டதும் ஈரச் சாக்கு மாதிரி ஒரு புளித்த வாடை, ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுகிறது என்கிறாய். அப்புறம் வேறொரு இடத்தில், மழை நாளில் கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஏதோ தித்திப்பான மணம் வந்தது, முன் கண்ணாடி உள்பக்கம் மங்கலாகிவிட்டது, துடைத்தாலும் போகவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பே இல்லை. முதலாவது தொல்லை. இரண்டாவது ஆபத்து. அதனால் இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேஸ் கசிந்ததென்று டேஷ்போர்டைக் கழற்றி, காற்றைக் குளிர வைக்கும் கூலிங் காயிலை மாற்றினார்கள் என்றாய். டேஷ்போர்டுக்குள் அந்தக் காயில் உட்காரும் ஏசி பெட்டிக்குள் கூலிங் காயில் மட்டும் இல்லை, ஹீட்டர் காயிலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட், இன்ஜினிலிருந்து சூடாக வந்து அதற்குள் ஓடுகிறது. பெரும்பாலான கார்களில் பெட்டியை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஹீட்டர் பைப்புகளையும் கழற்றித்தான் ஆக வேண்டும். திரும்ப மாட்டும்போது ஒரு கிளாம்ப் சரியாக உட்காரவில்லை, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தை மாற்றாமல் பழையதையே போட்டார்கள், அல்லது பழைய ஹீட்டர் காயிலில் பைப் மாட்டும் முனை இழுபட்டு லேசாக விரிந்துவிட்டது என்றால், கூலன்ட் துளித் துளியாகப் பெட்டிக்குள் கசியும். எத்திலீன் கிளைக்கால் கலந்த கூலன்டுக்குத் தித்திப்பான மணம். அது ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தால் பிசுபிசுப்பான மங்கல் வரும். வெறும் நீராவியாக இருந்தால் துடைத்ததும் போய்விடும். இது விரலால் தேய்த்தால் வழுக்கும், துணியால் துடைத்தால் கோடு கோடாக இழுபடும். நாளைக் காலையில் முதல் வேலையாகக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், காற்று மேலே வரும் இடத்துக்குப் பக்கத்தில், விரலை வைத்துப் பார்.

ஏன் மழை நாளில் மட்டும் என்று குழம்பியிருந்தாயே, அதற்கும் இதில் விடை இருக்கிறது. முழுக் குளிர்ச்சியில் வைத்தால் உள்ளே காற்றைத் திருப்பிவிடும் மடல் ஹீட்டர் காயில் பக்கம் காற்றுப் போகாமல் மறித்துவிடும். கண்ணாடி மங்கலைப் போக்க நீ குமிழைச் சூட்டுப் பக்கம் திருப்பியிருப்பாய். அப்போதுதான் காற்று ஹீட்டர் காயிலைத் தொட்டுக்கொண்டு வரும், வாடையையும் கூட்டி வரும். இதைச் சோதிப்பது சுலபம். இன்ஜின் நன்றாகச் சூடானதும், ஏசியை அணைத்துவிட்டுக் குமிழை முழுச் சூட்டில் வை. தித்திப்பு கூடினால் சந்தேகமே வேண்டாம்.

இன்னும் இரண்டு இடம் பார்க்கச் சொல்வேன். ஒன்று, முன் பயணி கால் வைக்கும் இடத்துக் கார்ப்பெட். மேலே தடவினால் போதாது, ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் ஸ்பாஞ்சை உள்ளங்கையால் அழுத்திப் பார். தண்ணீர் என்றால் கை சும்மா நனையும். கூலன்ட் என்றால் விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கும், பச்சையோ சிவப்போ சாயமும் தெரியும். இரண்டாவது, பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவில் அளவு எங்கே இருக்கிறது என்று பார்த்து, அங்கே ஒரு டேப்பை ஒட்டிவிடு. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதே. சில நாளில் அளவு டேப்புக்குக் கீழே இறங்கினால் எங்கோ போகிறது என்று அர்த்தம். பைப்பைக் கழற்றி மாட்டிய கார் என்பதால் உள்ளே தங்கிய காற்று வெளியேறி ஆரம்பத்தில் ஒருமுறை கொஞ்சம் இறங்குவது உண்டு. தொடர்ந்து இறங்கினால் கசிவுதான்.

இது உறுதியானால் சரிசெய்யும் வரைக்கும் குழந்தையை அந்தக் காரில் ஏற்றாதே. கூலன்ட் வயிற்றுக்குள் போனால் விஷம். தித்திப்பாக வேறு இருப்பதால் சின்னப் பிள்ளைகளும் நாய் பூனைகளும் நக்கிவிடும். ஆவியும் கண்ணிலும் தொண்டையிலும் எரிச்சல் தரும். குமிழைக் குளிர்ச்சியில் வைத்துவிட்டால் சரி என்று விட்டுவிடாதே. இப்போதைய பல கார்களில் குமிழை எப்படித் திருப்பினாலும் ஹீட்டர் காயிலுக்குள் கூலன்ட் ஓடிக்கொண்டேதான் இருக்கும். கசிவும் நிற்காது. கூலன்ட் குறைந்து இன்ஜின் சூடேறினால் செலவு வேறு இடத்துக்குப் போய்விடும்.

சரி, இனி அந்தப் புளித்த வாடை.

குளிர்ந்த தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான் கூலிங் காயில் மேலும் ஈரம் படிகிறது. அந்தத் தண்ணீர் பெட்டியின் அடித்தட்டில் விழுந்து, ட்ரெயின் பைப் வழியாகக் கார் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாமல் தேங்கினாலோ, காயில் இருட்டில் ஈரமாகவே கிடந்தாலோ, தூசியோடு சேர்ந்து பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். முதல் நிமிஷம் வரும் வாடை அதுதான். காயில் குளிர்ந்து புதிதாகத் தண்ணீர் படிந்ததும் வாடை அமுங்கிவிடும், மறுநாள் மறுபடி வரும்.

"காயிலையே புதுசாக மாற்றியாயிற்று, இன்னும் எப்படி வாடை?" என்று கேட்டிருந்தாய். இந்தக் கேள்வியை எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காயில்தான் புதுசு, அது உட்காரும் பெட்டி பழசு. பெட்டியின் உள்சுவர், அடித்தட்டு, ப்ளோயர் சக்கரத்தின் சின்னச் சின்ன இறக்கைகள், மடல்களில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்சு எல்லாவற்றிலும் பழைய அழுக்கு அப்படியே இருக்கும். அக்கறையுள்ள மெக்கானிக் பெட்டியைப் பிரித்த கையோடு கழுவி, நன்றாக உலர வைத்துத்தான் புதுக் காயிலை உட்கார வைப்பார். அவசரத்தில் அதை விட்டுவிட்டால் புதுக் காயில் சில வாரத்திலேயே பழைய வாடையைப் பிடித்துக்கொள்ளும். அதோடு டேஷ்போர்டைத் திரும்ப ஏற்றும்போது ட்ரெயின் பைப் மடங்கியிருக்கலாம், அல்லது தன் துளையில் சரியாகப் போய் உட்காராமல் இருக்கலாம்.

பைப்பைச் சோதிக்க யாரும் வேண்டாம். காற்று ஈரமாக, புழுக்கமாக இருக்கும் நாளில் நிழலில் நிறுத்தி, ஏசியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, கீழே குனிந்து பார். தெளிந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். விழவில்லை, வண்டியைத் திருப்பும்போது டேஷ்போர்டுக்குள் தளும்பும் சத்தம் வேறு கேட்கிறது என்றால் அடைப்புதான்.

ஏசி ஃபில்டரையும் பார்த்துவிடு. அநேகமாக கிளவ் பாக்ஸுக்குப் பின்னால்தான் இருக்கும், கையாலேயே கழற்றலாம். இவ்வளவு பெரிய வேலை செய்தவர்கள் பழைய ஃபில்டரையே திரும்பச் சொருகியிருப்பது சாதாரணமாக நடக்கிறது. வெளியே இழுத்து மூக்குக்கு அருகில் கொண்டுபோ. மடிப்புகளுக்குள் கறுத்து, இலைத் துணுக்கும் பூச்சி இறக்கையும் அடைந்து, ஓரத்தில் ஈரம் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடு. பொதுவாக வருஷத்துக்கு ஒன்று, அல்லது 12,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒன்று மாற்றுவார்கள். தூசி அதிகமாக இருக்கும் இடத்தில் அதற்கும் முன்பே மாற்ற வேண்டும். புதியதைச் சொருகும்போது அதன் விளிம்பில் போட்டிருக்கும் அம்புக்குறி காற்று ஓடும் திசையைப் பார்க்க வேண்டும்.

மெக்கானிக் "புதுக் காயில், கொஞ்ச நாளில் போய்விடும்" என்றாராம். அவர் சொன்னதில் ஓரளவு உண்மை உண்டு. புதுக் காயில் மேல் இருக்கும் பூச்சு, புது ஸ்பாஞ்சு, பசை, கழுவப் பயன்படுத்திய திரவம் இவையெல்லாம் முதலில் மணக்கும். ஆனால் அது ரசாயன மணம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். உனக்குக் கூடிக்கொண்டே போகிறது. அதனால் அந்தச் சமாதானம் இங்கே செல்லாது.

கேஸ் மறுபடி கசிகிறதோ என்ற பயத்தைக் கொஞ்சம் தள்ளி வை. கார் ஏசியில் பல வருஷமாக இருக்கும் ஆர்134ஏ கேஸுக்கு மணம் இல்லை என்றே சொல்லலாம். இப்போது புதுக் கார்களில் வரும் ஆர்1234ஒய்எஃப்-ஐயும் மூக்கை நம்பிக் கண்டுபிடிக்க முடியாது. கேஸ் போனால் முதலில் குளிர்ச்சிதான் குறையும். கூடவே கம்ப்ரசர் ஆயில் காயிலில் கசிந்தால் லேசாக எண்ணெய் வாடை வரலாம். உன் காரில் குளிர்ச்சி அருமையாக இருக்கிறது என்கிறாய். பிறகென்ன.

மூக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்த சில நிமிஷத்தில் அது பழகிவிடும், அப்புறம் வாடையே தெரியாது. அதனால் ஒவ்வொரு சோதனைக்கும் நடுவில் இறங்கி வெளியே கொஞ்ச நேரம் நில். முதலில் வெறும் ப்ளோயர், பிறகு ஏசி, பிறகு சூடு. ஒவ்வொன்றையும் வெளிக்காற்றில் ஒரு தடவை, உள்காற்றில் ஒரு தடவை வைத்துப் பார். வெளிக்காற்றில் மட்டும் வாடை வந்தால் பானெட் பக்கத்திலிருந்து வருகிறது. முன் கண்ணாடிக்கு அடியில் காற்று இழுக்கும் இடத்தில் இலை அழுகியிருக்கலாம், எலி செத்துக் கிடக்கலாம், வேலை செய்யும்போது சிந்திய ஆயில் சூட்டில் காயலாம். எந்த வாடை எப்போது, எதைப் போட்டபோது வந்தது என்று ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள். "ஒரு மாதிரி வாடை வருகிறது" என்று சொல்வதைவிட அந்தத் தாள் மெக்கானிக்குக் கோடி மடங்கு உதவும்.

பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தால் மட்டும் எந்தச் சோதனையும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு ஓரம் கட்டு. ப்ளோயர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரோ அதில் வயர் மாட்டும் கப்ளரோ உருகிக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் வாடை, புகை வாடைக்கும் அப்படித்தான். புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது என்பதை மறக்காதே.

டேஷ்போர்டில் மாட்டும் வாசனை டப்பாவை உடனே எடுத்துவிடு, தயவுசெய்து. நமக்குத் தகவல் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே சாட்சியின் வாயை அது அடைக்கிறது. பிளீச்சிங் திரவத்தை உள்ளே அடிக்கலாமா என்று கேட்டிருந்தாய், கூடவே கூடாது. காயில் அலுமினியம், அரித்துவிடும். அதன் நெடியைக் குழந்தை மூச்சாக இழுக்கவும் வேண்டாம். ஏசி காயிலுக்கென்றே நுரையாக வரும் கிளீனர் இருக்கிறது. அதை ட்ரெயின் பைப் வழியாகவோ ஃபில்டர் இருக்கும் வழியாகவோ செலுத்தி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, எல்லாக் கதவையும் திறந்துவைத்து ப்ளோயரை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். ப்ளோயர் மோட்டார் மீதும் வயர் மீதும் படக் கூடாது. ட்ரெயின் பைப் திறந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு அப்புறம் இதைச் செய், இல்லாவிட்டால் அழுக்குத் தண்ணீர் உள்ளேயே தேங்கும். அதன் பிறகு தினமும், வீடு வந்து சேரச் சில நிமிஷம் இருக்கும்போது ஏசி பட்டனை மட்டும் அணைத்துவிட்டு ப்ளோயரை ஓடவிடு. காயில் ஓரளவு உலர்ந்த பிறகு வண்டி நிற்கும். இந்தச் சின்னப் பழக்கத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

இங்கே எல்லோரும் நலம். முழங்கால் வலி குறைந்து காலையில் நடக்கப் போகிறேன். சின்னவள் வேலை மாறி இருக்கிறாள், பிடித்திருக்கிறதாம். நம்மோடு படித்தவர்களில் பாதிப் பேர் ஓய்வு பெற்றாயிற்று, நீதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாய். கொஞ்சம் உடம்பையும் பார்த்துக்கொள்ளடா.

பட்டறைக்குப் போகும்போது ஒன்று செய். வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிட்டு வா. காலையில் நீயும் போய் நில், குளிர்ந்த இன்ஜினில் அந்த மெக்கானிக்கே உட்கார்ந்து ஏசியைப் போடட்டும். நீ ஓட்டிக்கொண்டு போனால் வழியிலேயே முதல் வாடை அடங்கிவிடும், "ஒன்றும் இல்லையே சார்" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும் அதே நேரத்தில், கூலன்ட் பாதையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அதன் மீட்டர் முள் இறங்குகிறதா என்று உன் கண் எதிரில் பார்க்கச் சொல். முள் இறங்கினால் முதலில் பைப் இணைப்புகளைப் பார்க்கட்டும். அங்கே காய்ந்திருந்தால் டேஷ்போர்டை மறுபடி இறக்கத்தான் வேண்டும். செய்த வேலையில் வந்த குறை என்பதால், கோபப்படாமல் அந்தத் தாளைக் காட்டிப் பேசு. இறக்கினால் இந்தத் தடவை பெட்டியைக் கழுவாமல் ஏற்றக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

முள் நின்றதா இறங்கியதா என்று அன்றைக்கே எனக்கு ஒரு வரி எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்