அம்மாவின் எலெக்‌ஷன் டியூட்டி

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்ததிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. "அறுபது வயசுல உனக்கு எதுக்கும்மா இந்த பூத் வேலை? எவனாவது ஏதாவது பண்ணிட்டா நான் சியாட்டில்ல உக்காந்துக்கிட்டு என்ன செய்ய முடியும்?" என்று கேட்டாய். பயத்தில்தான் கேட்டாய் என்று தெரியும். நீ அழுதால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா சொன்னது உண்மைதான். 2024 நவம்பர் தேர்தலன்று ராத்திரி வேலை முடிந்து, சர்ச் ஹாலைப் பூட்டிவிட்டு, நானும் எங்கள் மேனேஜர் அம்மாவும் சீல் வைத்த பைகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தோம். பார்க்கிங்கில் நின்றிருந்த ஒருவன் போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டே கிட்டே வந்தான். பையில் என்ன இருக்கிறது, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டான். அப்புறம் என் முகத்துக்கு நேரே போனை நீட்டி, நீ எந்த நாட்டுக்காரி என்றான். மேனேஜர் அம்மா எதுவும் பேசாமல் என் தோளைப் பிடித்துக் காருக்குள் உட்கார வைத்தார். கிளம்பிவிட்டோம். வழியெல்லாம் எனக்குக் கை நடுங்கியது. அன்று பகலில்தான் இங்கே ஜார்ஜியாவில், எங்கள் ஃபுல்டன் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) யூனியன் சிட்டி பக்கம் சில வாக்குச்சாவடிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்து, எல்லோரையும் வெளியே அனுப்பிச் சோதித்துவிட்டு மறுபடி திறந்திருந்தார்கள். அதுவும் மனசில் இருந்தது. பயமே இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த நாளின் மற்ற பதினான்கு மணி நேரத்தையும் நீ கேட்க வேண்டும். உங்கள் ஊரில் எல்லோரும் தபாலில் போட்டுவிடுகிறீர்கள், பூத் எப்படி இருக்கும் என்று நீ பார்த்ததே இல்லை. இங்கே காலை ஆறு மணிக்கு முன்னால் போய்விடுவோம். முதலில் உறுதிமொழி எடுப்போம். ஏழு மணிக்குக் கதவு திறக்கும். அடையாள அட்டையைக் காட்டி, திரையில் தொட்டு ஓட்டுப் போட்டால் ஒரு காகிதம் அச்சாகி வரும். அதைப் படித்துச் சரிபார்த்துவிட்டு ஸ்கேனரில் செலுத்த வேண்டும். உள்ளே போனதும் சின்னத் திரையில் எண் ஒன்று கூடும். அங்கேதான் என்னை நிற்கச் சொல்வார்கள். எண் கூடியதைப் பார்த்துவிட்டு, பீச் பழம் போட்ட ஸ்டிக்கரைக் கொடுப்பேன். அன்று ஒரு குஜராத்திப் பாட்டி அந்த ஸ்டிக்கரை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பேரன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாலை ஏழு மணிக்குக் கதவை மூடியதும், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை காகிதம் ஸ்கேனருக்குள் போனது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். ஒன்று இடித்தாலும் காரணம் கண்டுபிடிக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. முடிவு அச்சான நீளத் தாளில் கையெழுத்துப் போட்டு ஒன்றைக் கதவில் ஒட்டுவோம். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். என்னோடு நிற்பவர்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. சிலர் டிரம்புக்குத்தான் போடுவார்கள் என்று ஊகம் உண்டு. கணக்குச் சரிபார்க்கும்போது அவர்களும் என்னைப் போலவே விரல் வைத்து எண்ணுவார்கள்.

சரி, ரூபி ஃப்ரீமன் என்று ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2020-இல் இதே ஃபுல்டன் கவுண்டியில், அட்லாண்டாவின் ஸ்டேட் ஃபார்ம் அரங்கில் ஓட்டு எண்ணியவர்கள் அவரும் மகள் ஷே மாஸும். அம்மா மகள் கையில் எதையோ கொடுக்கிற காட்சி கேமராவில் இருந்தது. டிரம்பின் வக்கீலாக வந்த ரூடி ஜூலியானி அது ஓட்டு மெஷினில் மோசடி செய்வதற்கான யூஎஸ்பி என்றார். போதைப்பொருள் கைமாற்றுவதுபோல் கைமாற்றினார்கள் என்று ஜார்ஜியா சட்டமன்றக் குழுவிடமே சொன்னார். 2022 ஜூனில் வாஷிங்டனில் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் மகள் சாட்சி சொன்னபோது, அம்மா உண்மையில் என்ன கொடுத்தார் என்று கேட்டார்கள். இஞ்சி மிட்டாய் என்றார்.

நான் அதைச் சமையலறையில் நின்றபடி டீவியில் பார்த்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். என் கைப்பையில் எப்போதும் இஞ்சி மரப்பா கிடக்கும், உனக்குத் தெரியும். ராத்திரி கண்விழித்துப் படிக்கும்போது உன் கையில் எத்தனை முறை வைத்திருக்கிறேன்!

அந்தப் பொய்யால் ரூபி அம்மா பாதுகாப்புக்காக இரண்டு மாதம் வீட்டை விட்டே போயிருந்தார். ஷேயின் பாட்டி வீட்டுக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். தன் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளவே பயமாக இருக்கிறது என்றார் ரூபி. 2023 டிசம்பரில் ஜூரி அவர்கள் இருவருக்கும் ஜூலியானி 148 மில்லியன் டாலர் நஷ்டஈடு தர வேண்டும் என்று சொன்னது. அப்புறம் சமரசமாகிவிட்டது. ஷே சொன்னதில் எனக்கு இன்னும் உறுத்துவது வேறு. அந்த வீடியோவில் இருந்த நிரந்தர ஊழியர்களில் ஒருவர்கூட இப்போது அந்த வேலையில் இல்லை என்றார்.

பாப்பா, அமெரிக்க ஜனநாயகம் சரிகிறது என்று ராத்திரி பகலாக விவாதிக்கிறார்கள். நான் கண்ணால் பார்க்கிற சரிவு இந்தக் காலி நாற்காலிகள்தான். எண்ணத் தெரிந்தவர்களைப் பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால், அப்புறம் அந்த நாற்காலியில் யார் வந்து உட்காருவார்கள்?

2021 ஜனவரி 2-ஆம் தேதி டிரம்ப், தேர்தல் பொறுப்பில் இருந்த எங்கள் மாநிலச் செயலாளர் ராஃபென்ஸ்பெர்கருக்குப் போன் செய்து 11,780 ஓட்டுகளைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று கேட்டதை நீயும் கேட்டிருப்பாய். பைடன் இங்கே ஜெயித்தது 11,779 ஓட்டில். அதற்கு முன்பே சுமார் 50 லட்சம் காகிதங்களைக் கையாலேயே மறுபடி எண்ணி முடித்திருந்தார்கள். ராஃபென்ஸ்பெர்கரின் அரசியல் எனக்கு ஒத்துவராது. வரிசையில் நிற்பவருக்குத் தண்ணீர் கொடுப்பதையே குற்றமாக்கிய 2021 சட்டத்தை ஆதரித்தவர் அவர். ஆனால் சொந்தக் கட்சித் தலைவரிடம், அதுவும் நாட்டின் அதிபரிடம், கணக்கு சரியாக இருக்கிறது என்று சொன்னார் பார், அதற்கு அவரைக் கும்பிடுவேன்.

உன் தாத்தா இருந்திருந்தால் அவருக்கும் அவரைப் பிடித்திருக்கும். தாத்தா வாத்தியார் என்பதால் ஒவ்வொரு தேர்தலுக்கும் டியூட்டி போடுவார்கள். ஓட்டுப் பெட்டிக்குச் சீல் வைக்கும்போது அரக்கு பட்டு விரல் கொப்பளித்து வரும். பாட்டி நல்லெண்ணெய் தடவுவாள். 1977 மார்ச்சில் எனக்குப் பன்னிரண்டு வயது. ரேபரேலியில் இந்திரா காந்தியே தோற்றுவிட்டார் என்று ரேடியோ சொன்னபோது தாத்தா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். எமர்ஜென்சி போட்டு, எதிர்க்கட்சிக்காரர்களை ஜெயிலில் தள்ளி, பத்திரிகைகளின் வாயைக் கட்டியவர், எண்ணிக்கை முடிந்ததும் பதவியை விட்டு இறங்கினார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது எனக்குத் தெரியாது. அறுபதுக்கு மேற்பட்ட வழக்குகளில் தோற்ற பிறகும் இங்கே ஒருவர் தோல்வியை ஒப்புக்கொள்ள மறுத்தாரே, அப்போதுதான் புரிந்தது.

2021 ஜனவரி 6-இல் வாஷிங்டனில் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தவர்கள் தொடர்பான வழக்குகளில் சுமார் 1,500 பேருக்கு, டிரம்ப் 2025-இல் மறுபடி பதவியேற்ற அன்றே மன்னிப்பு. அதே வருஷம் நவம்பரில் ஜூலியானிக்கும் மன்னிப்பு. போலீஸ்காரரை அடித்தவனும் அந்த 1,500 பேரில் இருக்கிறான். அடுத்த முறை இன்னொருவன் என்ன நினைப்பான் என்று யோசித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அந்தப் பதவியேற்பு நாளில் இன்னொரு உத்தரவும் வந்தது. தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு இங்கே பிறக்கும் குழந்தைகளுக்குக் குடியுரிமை கிடையாது என்று. இனிமேல் பிறப்பவர்களுக்குத்தான், உனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நீ பிறந்தபோது அப்பாவும் நானும் அப்படித்தான் விசாவில் இருந்தோம். உன் பிறப்புச் சான்றிதழை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மூன்றே நாளில் அதை முதலில் தடுத்தவர் உன் ஊர் சியாட்டிலில் இருக்கும் நீதிபதி கோஃபெனவர். ரீகன் நியமித்தவர், எண்பது வயதைத் தாண்டியவர். இது அரசியல் சாசனத்துக்கு அப்பட்டமாக விரோதமானது என்று முகத்துக்கு நேரே சொன்னார். அந்த வயதில் அவர் தன் நாற்காலியை விட்டு எழுந்துபோகவில்லை, பாப்பா. என்னுடையது மடக்குகிற இரும்பு நாற்காலிதான். ஆனாலும் அதில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வரும் தேர்தலுக்கும் பெயர் கொடுத்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் கொடுத்ததற்கு மன்னித்துக்கொள். உனக்காகச் சிலதை ஒப்புக்கொள்கிறேன். இனி ராத்திரி பை ஏற்றும்போது ஹால் வாசலில் போலீஸ்காரர் ஒருவர் நிற்க வேண்டும் என்று மேனேஜர் அம்மாவிடம் கேட்டிருக்கிறேன், அவரும் கவுண்டிக்கு எழுதியிருக்கிறார். அப்பா நம் காரில் பின்னாலேயே வருவார். பையை ஒப்படைத்து ரசீது வாங்கியதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் உனக்குப் போன் பண்ணுகிறேன். இங்கே பத்து, பத்தரை ஆகியிருக்கும். உனக்கு ஏழரை மணிதான். சாப்பிடாமல் எனக்காகக் காத்திருக்காதே.

அன்புடன்,
அம்மா