பத்து நிமிடம் போதுமாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் பயணப் பக்கத்தில், இங்கிலாந்தின் கோல்புரூக்டேலில் இருக்கும், இரும்பு உருக்கிய பழைய ஊதுலையைப் பற்றி 'இடிந்த செங்கல் சுவர்தான், பத்து நிமிடம் போதும்' என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். தங்கிய விடுதியின் காலை உணவுக்கு மட்டும் இரண்டு பத்தி. சரி, அவரவர் பசி அவரவர்க்கு.

நான் வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது மருமகனைக் கெஞ்சி அங்கே போனேன். உலையின் முகப்பில் சுமை தாங்கும் வார்ப்பிரும்பு உத்தரங்கள் இருக்கின்றன. ஒன்றில் 'ஆபிரகாம் டார்பி 1777' என்று எழுத்துகள் புடைத்து நிற்கின்றன. அது பேரன். தாத்தா டார்பிதான் 1709-ல் அங்கே மரக்கரியைக் கைவிட்டு, நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கில் இரும்பை உருக்கிக் காட்டியவர். அந்தப் பக்கத்து நிலக்கரியில் கந்தகம் குறைவாக இருந்தது அவருக்குக் கைகொடுத்தது. கந்தகம் ஏறிய இரும்பு சூட்டிலேயே விரிசல் விடும். அதற்காக மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவனுக்குத்தான் அந்த இடத்தின் அருமை தெரியும்!

உலைக்கு மேற்புறம் ஒரு குளம். அதன் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் துருத்தியை ஊதியிருக்கிறது. கோடையில் குளம் வற்றினால் துருத்தி நின்றுவிடுமே என்று, ஓடிப்போன தண்ணீரை மறுபடி மேலே ஏற்ற 1740-களிலேயே நீராவி எஞ்சின் வைத்திருக்கிறார்கள். மண்மூடிக் கிடந்த உலையை 1959-ல் தோண்டியெடுத்து, மேலே கூரை போட்டுக் காக்கிறார்கள். இதெல்லாம் பத்து நிமிடத்துக்குள் எப்படி அடங்கியது என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

உங்கள் இதழுக்கு இது புதிதல்ல. முன்பொரு சிறப்பிதழில் அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரத்தைப் படம் போட்டு, கீழே 'உருக்காலையின் உலை' என்று அச்சிட்டீர்கள். அப்போதும் எழுதினேன். 'தங்கள் ஆதரவுக்கு நன்றி' என்று அஞ்சலட்டை வந்தது. யாருக்கு என்ன ஆதரவு கொடுத்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம், பரங்கிப்பேட்டை. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் சேலத்து இரும்புத் தாதுவைக் கொண்டுவந்து அங்கே இரும்பு உருக்கினாரே, தங்களுக்குத் தெரியாததா? டார்பி கோக்குக்கு மாறி நூறாண்டுக்கும் மேல் ஆன பிறகும் இங்கே மரக்கரிதான். காட்டை வெட்டி எத்தனை காலம் உலை எரிக்க முடியும்? அந்த நூற்றாண்டு முடியுமுன்பே ஆலையை மூடிவிட்டார்கள். இதற்கு உங்கள் பயணப் பக்கத்தில் இடமே கிடைக்காது. அங்கே காலை உணவோடு கூடிய விடுதி இல்லையோ என்னவோ.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் அந்த இரும்பு உத்தரத்தின் படம் ஒன்றைப் போடுங்கள். கட்டுரையாளர் அதன் முன்னால் நிற்காத படமாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகன்