செப்டம்பர் மூஸ் வேட்டை: படகு கிளம்பும் முன்

எல்லோருக்கும் வணக்கம். அலாஸ்காவின் நெனானா ஊரில் படகை இறக்கி, தனானா ஆற்றோடு கீழே யூக்கான் ஆறு வரை மூஸ் (மிகப் பெரிய மான் வகை) வேட்டைக்குப் போவதாகத்தான் திட்டம்.

முதல் கவலை பெட்ரோல். போகும்போது ஆறே தள்ளிக்கொண்டு போகும். திரும்பும்போது எதிரோட்டம், அதோடு இறைச்சிப் பாரம். 1,600 பவுண்டு ஆண் மூஸில் சுமார் 500 பவுண்டு இறைச்சி தேறும். ஆகவே கணக்கைத் திரும்பும் பயணத்தை வைத்துப் போடுங்கள். பனியாற்று வண்டலால் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், மணல்திட்டு கண்ணுக்குத் தெரியாது. மாற்று புரொப்பெல்லர் கட்டாயம்.

கரையிலிருந்து வெகுதூரத்தில் நிற்கும் மூஸைச் சுட வேண்டாம். சதுப்பில் ஒரு தொடையைத் தோளில் சுமந்து பார்த்தவருக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை! இறைச்சியைத் துணிப்பையில் காற்றாடத் தொங்கவிடுவோம், பிளாஸ்டிக் பை கூடாது. உண்ணத்தக்க இறைச்சி முழுவதையும் கொண்டுவர வேண்டும் என்பது அலாஸ்கா சட்டம். கொம்பு கடைசிச் சுமையோடுதான் வரலாம்.

அப்புறம், அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல், அலாஸ்காவில் குடியிருந்து 12 மாதமும் ஆகாதவர்கள் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் மூஸ் வேட்டையாட முடியாது. அப்படிப்பட்டவர்கள் சமையலுக்கு வரலாம், சந்தோஷம்தான்.

யார் யார் வருகிறீர்கள் என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கேயே சொல்லுங்கள்.